எக்செல் பழக வரும் பிள்ளைகளுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கணக்கு அறைகளில்தான் என் வேலைக்காலம் முழுதும் கழிந்தது. கையால் எழுதும் பேரேட்டில் தொடங்கி, லோட்டஸ் வந்து, அது போய் எக்செல் வந்தது வரை பார்த்தாயிற்று. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள், பி.காம். முடித்தவரானாலும் பிளஸ் டூவோடு நின்றவரானாலும், என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எக்செல் கத்துக்க எந்த கோர்ஸ்ல சேரலாம்?"

கோர்ஸில் சேர்வது நல்லதுதான். ஆனால் எக்செல் உண்மையிலேயே கைவந்தவர்கள் என்று நான் மதிக்கும் எல்லோரும் வேறு வழியில் வந்தவர்கள். வேலையில் ஏதோ ஒன்று மாட்டிக்கொள்ளும். தெரிந்த ஒருவரிடம் தெளிவாகக் கேட்பார்கள். வந்த பதிலைப் பிரித்துப் பார்ப்பார்கள். சில மாதம் கழித்து அவர்களே இன்னொருவர் சிக்கலை அவிழ்க்க உட்கார்ந்திருப்பார்கள். கேட்பதும் சொல்வதும்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அந்த வழியில் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்யாதீர்கள்.

எக்செலில் நானூறுக்கும் மேற்பட்ட ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒரு கம்பெனியின் சம்பளம், கொள்முதல், ஸ்டாக் மூன்றையும் பார்க்க அதில் இருபது தெரிந்தால் தாராளம். சம், இஃப், சம்இஃப்ஸ், கவுண்ட்இஃப்ஸ், ஒரு லுக்அப், ரவுண்ட், லெஃப்ட், மிட், டிரிம், இவற்றோடு பிவட் டேபிள். மற்றவை இருக்கின்றன என்று தெரிந்திருந்தால் போதும். தேவை வரும் நாளில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

2. தரவை முதலில் ஒழுங்காக உட்கார வையுங்கள்.

என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் வேர் ஃபார்முலாவில் இருப்பதில்லை, ஷீட்டின் அமைப்பில் இருக்கிறது. மஸ்டர் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர் இடப்பக்கம், மேலே 1 முதல் 31 வரை தேதி, நடுவில் ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்ற குறிப்புகள். சுவரில் ஒட்டிப் பார்ப்பதற்கு இது நன்றாக இருக்கும். ஆனால் "செக்கிங் பிரிவில் போன வாரம் மொத்தம் எத்தனை ஷிப்ட்?" என்று முதலாளி கேட்டால் இந்த அமைப்பில் பதில் எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிடும்.

அதையே தேதி, ஆள் எண், பிரிவு, ஷிப்ட் என்று நான்கு பத்தியாக வைத்து, ஓர் ஆளின் ஒரு நாளுக்கு ஒரு வரிசை என்று கீழே இறக்கிக்கொண்டே போங்கள். நீளமாகப் போகும்; போகட்டும். முதலாளி கேட்டது பிவட் டேபிளில் நொடியில் வரும். சுவரில் ஒட்டும் ஷீட்டையும் அதே பிவட்டே தரும்.

தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும். நடுவில் வெற்று வரிசை வேண்டாம், தரவுக்கு நடுவே கூட்டுத்தொகையும் வேண்டாம். செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள். பணம் வராத பில்லுக்கு மஞ்சள் நிறம் பூசி வைத்துவிட்டு, "மஞ்சளை மட்டும் கூட்ட ஃபார்முலா உண்டா?" என்று கேட்கிறார்கள். சாதாரண ஃபார்முலாவுக்கு நிறம் தெரியாது. 'நிலுவை' என்று தனிப் பத்தி வைத்து எழுதினால் சம்இஃப்ஸ் கூட்டித் தந்துவிடும். நிறம் வேண்டுமானால் பிறகு பூசிக்கொள்ளலாம்.

3. செல்லில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றென்று நம்பாதீர்கள்.

இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனியில் 7-8 என்பது ஒரு சைஸ், ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கானது. அதை அப்படியே அடித்தால் எக்செல் ஆகஸ்ட் 7 என்று எடுத்துக்கொள்ளும். எக்செலின் தேதி உண்மையில் ஓர் எண்தான். 1900 ஜனவரி 1 என்பதை 1 என்று வைத்து நாள்களை எண்ணி வருகிறது. 2024இல் அடித்த 7-8க்கு உள்ளே இருப்பது 45511. தேதியாகிப்போன பிறகு ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 7-8 திரும்பி வராது, அந்த 45511தான் வந்து நிற்கும். அடிப்பதற்கு முன்பே பத்தியை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், அல்லது எண்ணுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். நிலத்தின் சர்வே எண் 12/4, வீட்டுக் கதவு எண் 3/11 எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஸ்டைல் எண்ணில் இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில 'ஈ' எழுத்து வந்தால், உதாரணமாக 12ஈ3, அதை 12,000 என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் நம்மைவிடப் படித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். மனித ஜீன்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் மார்ச்1, செப்ட்2 என்று இருந்தது. ஆய்வாளர்களின் ஷீட்டுகளில் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 ஆகிக்கொண்டே இருந்தன. கடைசியில் ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் ஹ்யூகோ குழு 2020இல் வெளியிட்ட விதிமுறைகளில் அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டது.

தேதியில் இன்னொரு கண்ணியும் உண்டு. அமெரிக்க பையர் சி.எஸ்.வி. ஃபைலாக அனுப்பும் ஷீட்டில் 03/04 என்றால் மார்ச் 4. நம் கணினி இந்திய அமைப்பில் இருந்தால் அதை ஏப்ரல் 3 என்று படிக்கும். ஆண்டோடு சேர்த்து 03/25/2024 என்று வந்தால் 25ஆம் மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஆக ஒரே பத்தியில் சில தேதிகள் தப்பாகவும் சில எழுத்தாகவும் இருக்கும். கப்பல் ஏற்றும் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பையரிடமிருந்து ஷீட் வந்தால் முதலில் தேதிப் பத்தியைப் பாருங்கள்.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். ஆதார் 12 இலக்கம் என்பதால் தப்பிக்கிறது. கணக்கு எண்களை எப்போதும் டெக்ஸ்டாகவே வையுங்கள். அப்படி வைத்த பிறகும், ஒரே எண் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று கவுண்ட்இஃப் கொண்டு தேடினால் அது அவற்றை எண்ணாக மாற்றியே ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறான இரண்டு கணக்குகளை ஒன்று என்று சொல்லிவிடும். அந்தத் தேடலுக்கு சம்புராடக்ட் பயன்படுத்துங்கள்.

நேரமும் இப்படித்தான். ஒரு முழு நாள் என்பது 1. எட்டு மணி நேரம் என்பது மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு 60 ரூபாய் என்று 8:00ஐ 60ஆல் பெருக்கினால் 20 ரூபாய்தான் வரும். 24ஆலும் பெருக்கினால்தான் 480. ஓவர்டைம் மணிகளைக் கூட்டும்போது 26 மணி நேரம் வந்தால் ஷீட் 2:00 என்று காட்டும், ஒரு நாள் முழுதாகக் கண்ணுக்கு மறைந்துவிடும். ஃபார்மேட்டில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 26:00 என்று சரியாகத் தெரியும். ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு அந்த அடைப்புக்குறியில் இருக்கிறது.

பைசாவைப் பாருங்கள். மூன்று வரிசைகளில் 10.334 இருக்கிறது. இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொன்னதால் ஒவ்வொன்றும் 10.33 என்று தெரிகிறது. கீழே மொத்தம் 31.00. கால்குலேட்டரில் கூட்டுகிறவருக்கு 30.99 வரும், உங்கள் ஷீட்டே தப்பு என்பார். காட்டுவதைக் குறைப்பதும் மதிப்பைச் சுருக்குவதும் வெவ்வேறு. பில்லில் அச்சாகும் தொகை எதுவானாலும் அந்த வரிசையிலேயே ரவுண்ட் போட்டுவிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

4. கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

"விலுக்அப் வேலை செய்யலைங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று செய்தி வரும், கூடவே மொபைலில் சாய்வாக எடுத்த திரையின் படம் ஒன்று. அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வதைப் போன்றது இது. உதவ நினைப்பவர் எதைக் கொண்டு உதவுவார்?

கேள்வி இப்படி இருக்கட்டும்: "எக்செல் 2016. 'ஆட்கள்' ஷீட்டில் ஏ பத்தியில் ஆள் எண், சி பத்தியில் ஷிப்ட் கூலி. 'மஸ்டர்' ஷீட்டில் பி2இல் இருக்கும் ஆள் எண்ணுக்கு உரிய கூலி டி2இல் வர வேண்டும். நான் போட்ட ஃபார்முலாவைக் கீழே அப்படியே ஒட்டியிருக்கிறேன். மற்ற எல்லோருக்கும் சரியாக வருகிறது, ஒன்பது பேருக்கு மட்டும் என்.ஏ. பிழை. அந்த ஒன்பது எண்களும் ஆட்கள் ஷீட்டில் கண்ணுக்குத் தெரிகின்றன. மாதிரிக்கு ஆறு வரிசை அனுப்பியிருக்கிறேன். வர வேண்டிய விடையைப் பக்கத்துப் பத்தியில் கையால் அடித்திருக்கிறேன்."

இதைப் படித்ததும் அனுபவமுள்ளவருக்கு விடை கிடைத்துவிடும். ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கலாம். அல்லது பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். லென் போட்டுப் பார்த்தால் நான்கு இலக்க ஆள் எண்ணுக்கு 5 என்று வரும். டிரிம் போட்டால் அது போக வேண்டும். போகவில்லையென்றால், இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும் 160ஆம் எண் எழுத்தாக இருக்கும். பார்வைக்கு இடைவெளிதான், ஆனால் டிரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட் கொண்டு தனியாக நீக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி விவரத்தை நம் கொள்முதல் பதிவோடு ஒப்பிடும்போது பில் எண்கள் பொருந்தாமல் போனால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

மாதிரிக் கேள்வியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். எந்த வெர்ஷன் என்பது அவசியம். எக்ஸ்லுக்அப் 2021இலும் 365இலும் உண்டு, 2016, 2019இல் கிடையாது. வெர்ஷன் சொல்லாவிட்டால் உங்கள் கணினியில் ஓடாத பதில் வரும், இரண்டு பேர் நேரமும் போகும். கூகுள் ஷீட்ஸ் என்றால் கூகுள் ஷீட்ஸ் என்றே சொல்லுங்கள். ஃபார்முலாவை நினைவிலிருந்து எழுதாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரு டாலர் குறியிலோ ஒரு கமாவிலோதான் கோளாறு இருக்கும். படம் வேண்டாம், செல்களாகவே அனுப்புங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வர வேண்டிய விடையைக் கையால் போட்டுக் காட்டுவது. அப்படிப் போட உட்காரும்போதே பல பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே தெளிவாகவில்லை என்பது தெரிந்துவிடும். தெளிவானதும் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள், விடை கிடைத்திருக்கும்.

இன்னொன்று. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் வழியை மட்டும் கேட்காதீர்கள், போக வேண்டிய இடத்தையும் சொல்லுங்கள். "ஏழு இஃப்பை ஒன்றுக்குள் ஒன்று வைப்பது எப்படி?" என்று கேட்டால் அதற்குத்தான் பதில் வரும். "அளவைப் பொறுத்து ஏழு விதமான பீஸ் ரேட் இருக்கிறது, சரியான ரேட் வர வேண்டும்" என்று கேட்டால், ஏழு வரிசையில் ஒரு சின்ன அட்டவணையும் ஒரு லுக்அப்பும் போதும் என்று ஒருவர் சொல்வார்.

5. ஆங்கிலம் வராது என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்தக் கூச்சத்திலேயே வருடக்கணக்காக ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழில் கேளுங்கள், பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டிய இடமென்றால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள்; மாதிரி வரிசைகளும் வேண்டிய விடையும் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

6. அடுத்தவர் விவரத்தை அனுப்பாதீர்கள்.

சம்பள ஷீட்டை அப்படியே வெளியாளுக்கு அனுப்புவது பெருந்தவறு. அதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், வாங்கும் கூலி எல்லாம் இருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் அது. புதிய ஃபைலில் ஆள்1, ஆள்2 என்று பெயரிட்டு, எண்களை மாற்றி, ஆறேழு வரிசை மட்டும் அடித்து அனுப்புங்கள். பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டு அனுப்புகிறார்கள் சிலர். மறைத்ததைத் திறக்க இரண்டு கிளிக் போதும்.

7. வந்த பதிலை உங்கள் கையால் அடியுங்கள்.

நகலெடுத்து ஒட்டினால் அன்றைய வேலை முடியும், அவ்வளவுதான். ஃபார்முலா இருக்கும் செல்லில் எஃப்2 அழுத்துங்கள்; எந்தெந்தச் செல்களை எடுக்கிறது என்று வண்ணக் கட்டங்கள் காட்டும். உள்ளே ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் அந்தத் துண்டின் விடை தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள், என்டர் அழுத்தினால் அந்த விடையே ஃபார்முலாவுக்குள் உறைந்துவிடும். இப்படி உள்ளிருந்து வெளியே துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தால், எவ்வளவு நீளமான ஃபார்முலாவும் கால் மணி நேரத்தில் புரிந்துவிடும்.

ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னால் அது உங்கள் அதிர்ஷ்டம். மூன்றையும் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு பத்தியைச் செருகிப் பாருங்கள். விலுக்அப்பில் 'மூன்றாவது பத்தி' என்று எண்ணைக் கையால் எழுதியிருந்தால் செருகியதும் தப்பான பத்தியை எடுக்கும். இண்டெக்ஸ்-மேட்ச் அசையாது. எந்தப் பதில் உறுதியானது என்பதை யாரும் சொல்லாமல் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

8. சரியானதா இல்லையா என்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

பதில் சொன்னவர் காத்திருப்பார். "சரியாகிவிட்டது, பில் எண்ணின் பின்னால் இடைவெளி இருந்தது" என்று ஒரு வரி போதும். சரியாகவில்லை என்றாலும் சொல்லுங்கள். ஒரே கேள்வியை நான்கு பேரிடம் கேட்டிருந்தால் நால்வருக்கும் அதைத் தெரிவியுங்கள்.

9. ஃபார்முலாவுக்குள் விகிதத்தைப் புதைக்காதீர்கள்.

விரிதாள் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் இது புரியும். ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கணக்கெல்லாம் தானாக மாற வேண்டும் என்று நினைத்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் கொண்டுவந்தார். எண் ஓரிடத்தில் இருந்தால்தான் அந்த வசதி நமக்குக் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், முதலாளி பங்கு 4.75 என்று 1997 ஜனவரியிலிருந்து 22 ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. இது மாறாது என்றே எல்லோருக்கும் எண்ணம். 2019 ஜூலை 1 முதல் 0.75, 3.25 என்று குறைந்தது. ஒவ்வொரு ஃபார்முலாவிலும் 1.75 என்று எழுதி வைத்திருந்த ஷீட்டுகளில் அதைத் தேடித் தேடி மாற்ற வேண்டி வந்தது. 12,350 ரூபாய் வாங்குகிறவருக்கு முன்பு பிடித்தம் 217, புதிய விகிதத்தில் 93. மாற்றும்போது ஒரு வரிசை விடுபட்டாலும் அந்த ஆளின் கையிலிருந்து மாதம் 124 ரூபாய் போகும்.

சரி, விகிதத்தை ஒரே செல்லில் வைத்துவிட்டோம். அதை 0.75 என்று மாற்றியதும் பழைய மாதக் கணக்கெல்லாம் சேர்ந்து மாறிவிடுமே? அங்கேதான் அடுத்த படி. இரண்டு பத்தியில் ஓர் அட்டவணை வையுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எந்த விகிதம். சம்பள மாதத்தின் தேதியைக் கொண்டு அதில் தேடுங்கள். விலுக்அப்பின் நான்காவது இடத்தை, அதற்கு முன் வரும் கமாவோடு சேர்த்து, எழுதாமல் விட்டால் அது 'கிட்டத்தட்டப் பொருந்துவதை' எடுக்கும். ஆள் எண் தேடும்போது அது பெரிய ஆபத்து, அங்கே கட்டாயம் ஃபால்ஸ் போட வேண்டும். ஆனால் தேதி வாரியான விகிதத்துக்கும் பீஸ் ரேட் படிகளுக்கும் அந்தத் தன்மைதான் தேவை. அட்டவணை சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. ஒரு ஃபங்ஷனின் ஆபத்தான பக்கம் எங்கே உதவும் என்று தெரிந்த நாளில் நீங்கள் அதைக் கற்றுவிட்டீர்கள்.

10. எத்தனை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று எண்ணுங்கள்.

2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, கொரோனா உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனதாக அறிவித்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். ஃபைலில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. எக்செல் 2007இல் வந்த புதிய வடிவத்தில் 10,48,576 வரிசை உண்டு. இடம் தீர்ந்ததும் மிச்சம் வந்தவை உள்ளே ஏறவே இல்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்விட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது.

ஃபைல் ஏற்றியதும் அங்கே எத்தனை வரிசை, இங்கே எத்தனை வரிசை என்று ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கையால் பேரேடு எழுதிய காலத்தில் மொத்தம் ஒத்துப்போகாமல் யாரும் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள். அந்தப் பழக்கம் எக்செலுக்கும் வேண்டும். எந்த ஷீட்டிலும் மேலே இரண்டு செல் ஒதுக்குங்கள்: வந்த வரிசை எண்ணிக்கை, வந்த தொகை. ஃபில்டர், லுக்அப், பிவட் எது செய்தாலும் கடைசியில் அந்த இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

11. உங்கள் ஷீட்டை இன்னொருவர் கண்ணில் படச் செய்யுங்கள்.

பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகமெங்கும் அரசாங்கங்கள் செலவைக் குறைப்பது பற்றிய வாதங்களில் அது எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவருக்கு அந்த விடை எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஆசிரியர்களிடமே ஷீட்டைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49ஆம் வரிசை வரை போவதற்குப் பதில் 44இல் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் சேரவில்லை. அவர் 2013இல் தன் பேராசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் வேறு குறைகளும் சொல்லப்பட்டன. ஷீட்டில் நடந்த பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நான் பெரிதாக நினைப்பது அந்த மாணவர் கேட்டதையும், ஆசிரியர்கள் ஷீட்டைக் கொடுத்ததையும்தான். சம்பளம் போடுவதற்கு முன் பக்கத்து மேசைக்காரரிடம் பத்து நிமிடம் ஷீட்டைக் கொடுங்கள். ஃபார்முலா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தரவைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-டி போட்டு டேபிளாக மாற்றிவிட்டால், கீழே புதிய வரிசை சேர்க்கச் சேர்க்க அந்த டேபிளைச் சார்ந்த ஃபார்முலாக்களும் கூடவே நீளும். இந்த வகைப் பிழை பெரும்பாலும் வராது.

12. கணினியே ஃபார்முலா எழுதித் தந்தாலும் சோதித்த பிறகே எடுங்கள்.

இப்போது தமிழில் கேட்டாலே ஃபார்முலா எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. பயன்படுத்துங்கள். விடையை முன்பே கையால் போட்டு வைத்த ஐந்து வரிசைகளில் முதலில் ஓட்டுங்கள். ஒரு வரிசை காலியாக இருக்கட்டும், ஒன்றில் பூஜ்யம் இருக்கட்டும், ஒன்றில் இல்லாத ஆள் எண் இருக்கட்டும்.

13. பதில் சொல்லத் தொடங்குங்கள்.

முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. ஆறு மாதம் பழகியவருக்கு நேற்றுச் சேர்ந்தவரின் தடுமாற்றம் நன்றாகப் புரியும். இருபது வருடம் பழகியவருக்கு அது மறந்திருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால், மற்றவர்கள் சொன்ன பதிலைப் படிப்பதற்கு முன் உங்கள் கணினியில் அந்த மாதிரியை அடித்து முயன்று பாருங்கள். உங்கள் கம்பெனியில் ஒருபோதும் வராத சிக்கல்கள் மருந்துக்கடையிலிருந்தும் பள்ளி அலுவலகத்திலிருந்தும் நூல் மில்லிலிருந்தும் உங்களிடம் வரும். எந்த கோர்ஸிலும் அவ்வளவு விதமான தரவு கிடைக்காது.

சொல்லும்போது ஃபார்முலாவோடு நிறுத்தாமல், ஏன் அப்படி என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் மாதிரியில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். கேள்வி அரைகுறையாக இருந்தால் கோபப்படாமல், என்ன வெர்ஷன், என்ன விடை வர வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். முதல் தடவை கடிந்து பேசப்பட்ட பிள்ளை இரண்டாம் தடவை கேட்க வராது, தெரியாமலே ஷீட் போட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் உங்கள் பதிலில் பிழை காட்டினால் அதைத் திருத்தி, திருத்தியதைக் கேட்டவருக்கும் தெரிவியுங்கள். அவர் இதற்குள் அதைத் தன் சம்பள ஷீட்டில் போட்டிருக்கக்கூடும்.